கேஷுவல்: ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் விடுப்புப் பதிவேடு பார்த்தேன். அதற்கப்புறம் முழுநேர மொழிபெயர்ப்பு. இரண்டு வேலையிலும் என்னை விடாமல் துரத்திய சொல் இது. கூட வேலை பார்த்தவர்கள், மொழிபெயர்க்கப் பழகும் பிள்ளைகள், ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த அக்கா மகள் என்று கேட்டவர்கள் மாறினார்களே தவிர சந்தேகங்கள் மாறவில்லை. அவரவர் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதிலை எழுதியிருக்கிறேன்.

கேஷுவல்னா சரியா என்ன அர்த்தம்?

இன்றைக்கு நாம் அதிகம் பயன்படுத்தும் பொருள், சடங்கு சம்பிரதாயம் இல்லாத, இறுக்கம் இல்லாத என்பது. கேஷுவல் டிரஸ், கேஷுவலாகப் பேசினார் என்பதெல்லாம் இந்த வகை. இதை ஒட்டியே 'அக்கறையில்லாமல்' என்ற பொருளும் வருகிறது. 'பரீட்சையை ரொம்ப கேஷுவலா எடுத்துக்கிட்டான்' என்றால் யாரும் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

இவை போக இன்னும் இரண்டு உண்டு. எப்போதாவது நடப்பது, நிரந்தரமில்லாதது என்பது ஒன்று. கேஷுவல் லேபர் அந்த வகை. எதிர்பாராமல் நேர்வது என்பது மற்றொன்று. நமக்குக் கடைசியாக நினைவுக்கு வரும் இந்தப் பொருள்தான் வயதில் மூத்தது. கீழே வரும் குழப்பங்களில் பாதி இதனால் வந்தவை.

இது எந்த மொழிச் சொல்? இங்கிலீஷா, பிரெஞ்சா?

நமக்கு வந்தது ஆங்கிலத்திலிருந்து. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. வேர் லத்தீன். 'காடெரே' என்றால் விழு. அதிலிருந்து 'காஸுஸ்', அதாவது விழுதல், நேர்தல். அதிலிருந்து 'காஸுவாலிஸ்', தற்செயலான.

விழுவதற்கும் தற்செயலுக்கும் என்ன உறவு என்று தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை. தாயக்கட்டையை உருட்டினால் தாயம் விழுகிறது. சீட்டு யாருக்கு விழுந்தது என்று கேட்கிறோம். லாட்டரியில் பரிசு விழுந்தது என்கிறோம். நம் கையில் இல்லாமல் நேர்வதை 'விழு' என்று சொல்லும் பழக்கம் ரோமாபுரியிலும் இருந்தது, அவ்வளவுதான். ஆங்கிலத்தின் 'சான்ஸ்' கூட இதே வேர்தான். 'ஆக்ஸிடென்ட்' இன்னொரு தம்பி.

தற்செயலா விழறதுக்கும் ஜீன்ஸ் போடறதுக்கும் என்ன சார் சம்பந்தம்?

நல்ல கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி மூன்று. கதவு தட்டப்படுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் தூரத்துச் சொந்தம் ஒருவர். நீங்கள் லுங்கியில் இருக்கிறீர்கள். பாயில் பேப்பர் பரப்பிக் கிடக்கிறது. 'வாங்க வாங்க' என்று பேப்பரை ஒதுக்கி உட்காரவைக்கிறீர்கள், உள்ளே காப்பித்தூள் இருக்கிறதா என்று குரல் கொடுக்கிறீர்கள். இந்த வருகை தற்செயல், அதனால் ஏற்பாடு இல்லை, ஏற்பாடு இல்லாததால் சம்பிரதாயமும் இல்லை. அதே ஆள் நாள் குறித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தால் நீங்கள் சட்டை போட்டிருப்பீர்கள்.

சொல்லும் இதே வழியில்தான் நகர்ந்தது. முதலில் எதிர்பாராமல் நேர்ந்தது, அப்புறம் எப்போதாவது நேர்வது, அப்புறம் திட்டமில்லாதது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒழுங்கில்லாத, நம்ப முடியாத ஆளையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். உடைக்கு அந்தச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது 1930களின் கடைசியில். ஆக, ஜீன்ஸ் சமாச்சாரம் இந்தச் சொல்லின் வாழ்க்கையில் நேற்று நடந்தது.

எங்க அண்ணன் கல்யாணம் மூணு மாசம் முன்னாடியே முடிவாயிடுச்சு. அதுக்கு எடுக்கிற சி.எல். எப்படி 'தற்செயல் விடுப்பு' ஆகும்?

பதிவேடு பார்த்த காலத்தில் இதைக் கேட்காத புது ஊழியர் கிடையாது. கேஷுவல் லீவு என்பதைத் 'தற்செயல் விடுப்பு' என்று தமிழாக்கியவர் சொல்லின் மூத்த பொருளைப் பிடித்திருக்கிறார். திடீர்க் காய்ச்சல், வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, ஊரில் துக்கம் என்று எதிர்பாராமல் வரும் காரணங்களுக்காக வைத்த விடுப்பு அது. பழைய ஆங்கிலப் பொருளைத் தமிழ்ப் படிவம் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது. பேச்சிலோ 'கேஷுவல்' என்றதும் டி-ஷர்ட்தான் கண்முன் வருகிறது.

நடைமுறையில் அதை எதற்கும் எடுக்கலாம் என்று ஆகிவிட்டது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள். மத்திய அரசில் முன்பு 12 இருந்தது, ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 8. மிச்சம் வைத்தால் அடுத்த ஆண்டுக்குப் போகாது. அதனால் எங்கள் பதிவேட்டில் ஜூலை மாதம் காலியாகக் கிடக்கும், டிசம்பர் கடைசி வாரத்தில் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தற்செயல் நேர்ந்துவிடும்.

ஒரு வேடிக்கை: மத்திய அரசு விதிப்படி சி.எல். என்பது முறையான விடுப்பு வகையே இல்லை. அதில் இருப்பவர் பணிக்கு வராதவராகக் கருதப்படுவதில்லை, சம்பளமும் தடைபடாது. விடுப்பு விதிகளுக்குள்ளேயே சம்பிரதாயத்துக்கு வெளியே நிற்கும் விடுப்பு அது.

அப்போ ஆஸ்பத்திரியில இருக்கிற 'கேஷுவல்டி'? அங்க யாரும் கேஷுவலா இருக்கிற மாதிரி தெரியலையே!

அதே குடும்பம், அதே 'விழுந்தது'. கேஷுவல்டி என்றால் முதலில் தற்செயல் நிகழ்ச்சி, அப்புறம் கெட்ட தற்செயல், அதாவது விபத்து. முன்கூட்டிச் சொல்லாமல் வந்து விழும் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பெயர் பதிந்து வருபவர்களுக்கு வெளிநோயாளர் பிரிவு, பதியாமல் வந்து விழுபவர்களுக்குக் கேஷுவல்டி. இங்கிலாந்துக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் டாக்டராக இருந்தபோது லண்டன் பார்த்தலோமியு மருத்துவமனையில் இந்தப் பிரிவில்தான் வேலை பார்த்தார். 1913இல் அரசவைக் கவிஞர் ஆனார்.

இப்போது நம் மருத்துவமனைப் பலகைகளில் 'விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவு' என்று எழுதியிருக்கும். ஆனால் ஆட்டோக்காரரிடம் 'கேஷுவல்டி வாசல்' என்றால்தான் சரியான இடத்தில் நிறுத்துவார்.

போர்ச் செய்தியில '300 கேஷுவல்டீஸ்'னு வந்தா '300 பேர் பலி'ன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. மொழிபெயர்க்கப் பழகுபவர்களிடம் நான் கத்துவது இதற்குத்தான். படைக்கணக்கில் கேஷுவல்டி என்றால் அன்று வரிசையில் நிற்க ஆள் இல்லை என்று பொருள். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் எல்லோரும் அதில் அடக்கம். 300 பேரில் 40 பேர் இறந்து 260 பேர் காயத்தோடு உயிரோடு இருக்கலாம். 'பலி' என்று எழுதினால் அந்த 260 பேரையும் நம் பேனாவே கொன்றுவிடும்.

இறந்தோர், காயமடைந்தோர் எண்ணிக்கை தனித்தனியாகக் கிடைத்தால் இரண்டையும் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் 'உயிரிழந்தோரும் காயமடைந்தோருமாக 300 பேர்' என்று எழுதுங்கள். வரி நீளும். நீளட்டும்.

ரயில்வேயில 'கேஷுவல் லேபர்'னு சொல்றாங்களே, வேலையில அக்கறை இல்லாதவங்களா?

ஐயோ, இல்லை. வேலை இருக்கும்போது மட்டும் கூப்பிடப்படும் ஆள் என்று பொருள். 'எப்போதாவது நேர்வது' என்ற இடத்தில் நின்றுவிட்ட சொல் இது. அவர்கள் தண்டவாளத்துக்குக் கல் போட்டார்கள், பாலம் கட்டினார்கள், வருடக்கணக்கில் வெயிலில் நின்றார்கள். காகிதத்தில் மட்டும் 'தற்செயல்' ஆட்கள். வழக்கமான பராமரிப்புப் பணியில் தொடர்ந்து 120 நாளும், திட்டப் பணியில் 360 நாளும் வேலை பார்த்தால் தற்காலிக ஊழியர் தகுதி என்று ரயில்வேயில் விதி வந்தது. திட்டப் பணியாளர்களுக்கு அதைப் பெற்றுத் தந்ததில் 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இந்தர் பால் யாதவ் வழக்கு முக்கியமானது.

இங்கிலாந்தில் இந்தச் சொல் இன்னும் கடுமையாக இருந்தது. ஏழைகள் விடுதியில் ஓர் இரவு தங்க வரும் நாடோடிகளைக் 'கேஷுவல்' என்றார்கள். அவர்களுக்கென்றே 1882இல் ஒரு சட்டம். படுக்க இடம் தந்ததற்குப் பதிலாகக் கல் உடைக்கச் சொல்வார்கள், பழைய கயிற்றைப் பிரித்து நாராக்கச் சொல்வார்கள்.

தமிழில் இதைத் 'தற்செயல் தொழிலாளர்' என்று எழுதாதீர்கள். வழிதவறி வேலைக்கு வந்துவிட்டவர் போல இருக்கிறது. இங்கே தினக்கூலி என்றாலே புரியும். இலங்கை அரசுத் தமிழில் 'அமைய ஊழியர்' என்பார்கள். அமையம் என்றால் சமயம், வாய்ப்பு. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

கேஸ், கேஷ், கேஷுவல் மூணும் ஒரே வேரா?

கோர்ட்டு கேஸும் ஆஸ்பத்திரி கேஸும் கேஷுவலின் சொந்த அண்ணன்கள். அதே 'காஸுஸ்', நேர்ந்த சம்பவம். மூக்குக் கண்ணாடி வைக்கும் கேஸ் வேறு. அது பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல். பணமான கேஷும் அந்தப் பெட்டியிலிருந்துதான், பணப்பெட்டி வழியாக.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய மெட்ராஸ் கணக்கில் 80 'கேஷ்' ஒரு பணம். அந்தச் சில்லறை 'கேஷ்' மட்டும் நம் 'காசு' போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாக, பிறப்பில் வேறாக ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. கேஷியரிடம் இதைச் சொன்னால் 'அடுத்தவங்க வாங்க' என்பார்.

இலக்கணத்துல வேற்றுமையையும் 'கேஸ்'ங்கிறாங்க. அதுவுமா விழுந்தது?

அதுவும்தான். பெயர்ச்சொல் தன் நேரான வடிவத்திலிருந்து சாய்ந்து விழுவதாகக் கிரேக்கர்கள் பார்த்தார்கள். அதை ரோமானியர்கள் 'காஸுஸ்' என்று மொழிபெயர்த்தார்கள். நம் இலக்கணம் 'வேற்றுமை' என்கிறது. பெயரின் பொருளை வேறுபடுத்துவதால் அந்தப் பெயர். மரம், மரத்தை, மரத்தால் என்று சொல்லிப் பார்த்தால் விழுகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. தமிழ்ப் பெயர்தான் தெளிவு.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது மக்கள் வாயில் புழங்கிய தமிழுக்கு, லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1730களில் தரங்கம்பாடியில் அச்சானது. சம்பிரதாயமில்லாத தமிழை உலகிலேயே சம்பிரதாயமான மொழி ஒன்றில் விளக்கிய புத்தகம்.

ஆராய்ச்சிக் கட்டுரையில 'காஸல்'னு வருது. அது கேஷுவலோட அச்சுப்பிழையா?

பெரும்பாலும் இல்லை, ஆனால் பார்த்து மொழிபெயருங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்து இடம் மாறுவதுதான் வித்தியாசம். காஸல் என்றால் காரணத்தால் விளைந்தது. கேஷுவல் என்றால் காரணம் பாராமல் நேர்ந்தது. ஏறக்குறைய எதிர்ச்சொற்கள். புகைக்கும் நோய்க்கும் 'காரணத் தொடர்பு' என்று வர வேண்டிய வரியில் 'சாதாரணத் தொடர்பு' என்று ஒரு கைப்பிரதியில் பார்த்தேன். அந்தப் பக்கத்தைத் திருத்த ஒரு டீ தேவைப்பட்டது.

இதுக்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன? ஒண்ணு சொல்லுங்க போதும்.

ஒன்று சொன்னால் போதாது. முதல் கேள்வியில் சொன்ன பொருள்களுக்குத் தனித்தனிச் சொற்கள் வேண்டும். தற்செயலுக்குத் தற்செயல். உடைக்கும் பேச்சுக்கும் 'இயல்பான', 'சாதாரணமான'. அக்கறையின்மைக்கு 'அலட்சியமாக', 'ஏனோதானோவென்று'. நம் ஊர்ப் பேச்சில் அந்தக் கடைசிச் சொல்லுக்கு உள்ள வெறுப்பு கேஷுவலுக்கு வராது.

'எதேச்சையா' என்று சிலர் எழுதுகிறார்கள். சரிதான், ஆனால் அதன் கதையும் கேட்கத் தக்கது. வடமொழியில் யதா, இச்சை இரண்டும் சேர்ந்து 'விருப்பப்படி' என்று பொருள். யதேச்சாதிகாரம் என்ற சொல்லில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது: தன் இஷ்டப்படி ஆள்வது. தமிழ்ப் பேச்சிலோ அதே சொல் 'யார் இஷ்டமும் இல்லாமல், தானாக' என்று தலைகீழாகிவிட்டது. 'எதேச்சையா பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன்' என்பதில் யாருடைய இச்சை இருக்கிறது?

அப்புறம் 'சும்மா'. என்னைக் கேட்டால் பேச்சுக்கு இதுதான் முதல் வாரிசு. 'கேஷுவலா வந்தேன்' என்பதைவிட 'சும்மா வந்தேன்' எவ்வளவோ மேல். ஆனால் எங்கும் பொருந்தாது. சும்மா கொடுத்தான் என்றால் இலவசம், சும்மா சொன்னேன் என்றால் விளையாட்டு, சும்மா சும்மா கேட்காதே என்றால் ஓயாமல், சும்மா இரு என்றால் வாயை மூடு. அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னதாகக் கந்தர் அனுபூதியில் வரும் 'சும்மா இரு சொல் அற' இன்னும் எங்கேயோ போகிறது. 'சும்மா உடை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்ஃபார்மலும் கேஷுவலும் ஒண்ணுதானே?

பக்கத்து வீடு, ஒரே வீடு இல்லை. இன்ஃபார்மலில் இருப்பது வடிவம், முறை என்ற பொருளுள்ள 'ஃபோர்மா'. முறைக்கு வெளியே இருப்பது இன்ஃபார்மல், மனதில் இறுக்கம் இல்லாமல் இருப்பது கேஷுவல். தெருவோரம் இட்லி விற்கும் அக்காவின் கடை இன்ஃபார்மல். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் அவர் வேலையில் கேஷுவல் எதுவுமே கிடையாது.

அதனால்தான் தமிழில் இதற்கு 'முறைசாரா' என்கிறோம். முறைசாராத் துறை என்று பொருளாதாரத்தில் சொல்வது 1970களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. கானா நாட்டில் ஆய்வு செய்த கீத் ஹார்ட் 1971இல் அந்தச் சொல்லை முன்வைத்தார். அடுத்த ஆண்டே கென்யா பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை அதை எடுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் ஆபீஸ்ல கேஷுவல் டிரஸ்?

அக்கா மகள் கேள்வி. ஹவாய்த் தீவில் தொடங்கியது. பூப்போட்ட சட்டை விற்கும் அங்கத்திய ஆடைத் தொழிலினர் 1962இல் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு சட்டை கொடுத்துக் கோடையில் அதைப் போடச் சொன்னார்கள். 1966இல் 'அலோஹா வெள்ளி' வந்தது. அது அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, 1992இல் லெவி ஸ்ட்ராஸ் நிறுவனம் ஆபீஸுக்குக் கேஷுவலாக வருவது எப்படி என்று ஒரு கையேடு போட்டு, ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளுக்கு அனுப்பியது. இரண்டு முறையும் பின்னால் இருந்தது துணி வியாபாரம். கேஷுவலாக இருப்பதற்கு விதிமுறைக் கையேடு! சொல்லின் மூத்த பொருள் கேட்டால் சிரிக்கும்.

வேட்டி கேஷுவலா, ஃபார்மலா?

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. கிளப் விதிக்கு வேட்டி போதிய சம்பிரதாயம் இல்லை. விஷயம் சட்டமன்றம் வரை போய், பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று அதே ஆண்டு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையில் வேட்டி ஏற்ற உடைகளின் வரிசையில் இருந்தது. ஒதுக்கச் சொன்னது கேஷுவல் உடைகளை.

என் கணக்கில், வேட்டி கீழே இறங்கியிருந்தால் ஃபார்மல், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினால் கேஷுவல். ஒரே துணி, பெரியவர் எதிரில் வந்தால் ஒரு நொடியில் மாறும்.

மேனேஜர் என்னைப் பார்த்து 'ரொம்ப கேஷுவலா இருக்கே'ன்னாரு. பாராட்டா, திட்டா?

வினைமுற்றைப் பாருங்கள். 'கேஷுவலா இரு' என்று ஏவலில் வந்தால் அன்பு. நேர்காணலுக்கு முன்னால் நண்பன் தோளைத் தட்டிச் சொல்வது. 'கேஷுவலா இருக்கே' என்று நிகழ்காலத்தில் வந்தால் பெரும்பாலும் திட்டு. முன்னால் 'ரொம்ப' வேறு சேர்ந்திருக்கிறது. மூன்றாம் பதிலில் சொன்ன 'நம்ப முடியாத ஆள்' அங்கேதான் ஒளிந்திருக்கிறான்.

நாளைக்கு சி.எல். கேட்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.